பிரபு என்றாலே பரம்பரை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டன் மேலவையைப் பற்றித் தங்கள் நாளிதழில் செய்தி வரும்போதெல்லாம், அங்கே இருக்கிற அத்தனை பேரும் தாத்தா சொத்தோடு பதவியையும் சேர்த்து வாங்கிக்கொண்டவர்கள் என்கிற தொனி தெரிகிறது. பரம்பரைப் பிரபுக்கள் வேறு, ஆயுட்காலப் பிரபுக்கள் வேறு. 1958-இல் வந்த சட்டப்படி நியமிக்கப்படுகிறவரின் பட்டம் அவரோடு முடிந்துவிடும், பிள்ளைக்குப் போகாது. அப்படி வந்த ஒருவரைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

ஜேம்ஸ் மெக்கே, 1927-இல் எடின்பரோவில் பிறந்தவர். அப்பா ரயில்வேயில் சிக்னல்காரர். பையன் கணிதம் படித்து, செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் கணக்குப் பாடம் நடத்தி, அப்புறம்தான் சட்டத்துக்கு வந்தார். 1979-இல் பிரதமர் தாட்சர் அவரை ஸ்காட்லாந்தின் தலைமைச் சட்ட அதிகாரியாக்கி ஆயுட்காலப் பிரபு பட்டமும் கொடுத்தபோது, தன் பெயரோடு அவர் சேர்த்துக்கொண்டது கிளாஷ்ஃபெர்ன் என்ற குக்கிராமத்தின் பெயரை. வடமேற்கே சதர்லாந்தில் இருக்கும் அந்த இடம்தான் குடும்பத்துப் பூர்வீகம். நடுவில் நீதிபதியாகவும் இருந்துவிட்டு 1987-இல் லார்ட் சான்சலர் ஆனார். அமைச்சர், நீதித்துறைத் தலைவர், மேலவைத் தலைவர் மூன்றும் ஒரே ஆள் என்று அந்தக் காலத்தில் இருந்த பதவி அது. 1997 வரை அதிலேயே இருந்தார்.

1989-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில், உயர் நீதிமன்றங்களில் பாரிஸ்டர்கள் என்ற வாதாடும் வக்கீல்கள் மட்டுமே வாதாடலாம் என்ற ஏகபோகத்தை உடைக்கும் திட்டத்தை வெளியிட்டார். இங்கிலாந்தின் தலைமை நீதிபதி லேன் பிரபு முதல் மூத்த நீதிபதிகள் பலரும் கொதித்துப் போனார்கள், ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆளுக்கு எங்கள் சட்ட மரபு என்ன தெரியும் என்ற முணுமுணுப்பு வேறு. ஆனாலும் அடுத்த வருஷமே சட்டம் வந்தது, கட்சிக்காரரிடம் நேரடியாக வழக்கை வாங்கித் தயார் செய்யும் சொலிசிட்டர்களுக்கும் அந்த வாசல் திறந்தது.

அதே 1989 மே மாதம் அவருடைய திருச்சபை அவரை மூப்பர் பொறுப்பிலிருந்து இடைநீக்கம் செய்ததை உறுதிப்படுத்தியது. அவர் சேர்ந்திருந்தது ஸ்காட்லாந்து ஃப்ரீ பிரஸ்பிட்டேரியன் சபை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வை அவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிற, கத்தோலிக்கத் திருப்பலியைச் சிலை வழிபாடாகவே பார்க்கிற சிறிய சபை. மெக்கே செய்த தப்பு, கத்தோலிக்கர்களான இரண்டு சக நீதிபதிகள் இறந்தபோது அவர்களுக்கான இரங்கல் திருப்பலிக்குப் போனதுதான். இறந்தவருக்கு மரியாதை செலுத்தத்தான் போனேன் என்று விளக்கம் சொன்னார், இனிமேல் போகமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்கவில்லை. நாட்டின் பெரிய பதவியில் இருப்பவர், ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்துவிட்டுக் கதையை முடித்திருக்கலாம், செய்யவில்லை. அதில் சபையே இரண்டாகப் பிளந்து ஒரு புதிய சபை உருவானது.

நவம்பரில் அவர் மேலவையில் கொண்டுவந்த குழந்தைகள் சட்டம் நிறைவேறியது. நான் குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறவன். பிள்ளை யாருக்குச் சொந்தம் என்று இரண்டு வீட்டாரும் தாழ்வாரத்தில் கத்திக்கொண்டிருக்க, அந்தப் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து செருப்பு வாரைப் பிய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பார்த்து மனசு வெறுத்துப் போகிறது. மெக்கேயின் சட்டம் தொடங்குவதே குழந்தையின் நலன்தான் நீதிமன்றத்துக்கு முதன்மை என்ற பிரிவோடு, பெற்றோரின் உரிமையைப் பற்றிப் பேசாமல் பொறுப்பைப் பற்றிப் பேசுகிறது. அதனால்தான் அவர் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை.

விவாகரத்து விஷயமும் அப்படித்தான். இவ்வளவு மதப்பற்று உள்ளவர் 1996-இல், ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சுமத்தாமலே பிரியலாம் என்ற சட்டத்தைக் கொண்டுவந்தார். சொந்தக் கன்சர்வேடிவ் கட்சி எம்.பி.க்களே எதிர்த்தார்கள். சட்டம் நிறைவேறினாலும் அந்தப் பகுதி நடைமுறைக்கு வரவில்லை, பின்னால் வந்த லேபர் அரசு 2001-இல் அதைக் கைவிட்டது. கடைசியில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றச்சாட்டு இல்லாத விவாகரத்து 2022 ஏப்ரலில் வேறொரு சட்டத்தின் மூலம் அமலுக்கு வந்தபோது, மெக்கே தொண்ணூற்று நான்கு வயதில் இன்னமும் மேலவை உறுப்பினர். அந்த ஜூலையில்தான் ஓய்வு பெற்றார்.

அவர் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. 1993-இல் இலவசச் சட்ட உதவிக்கான வருமான வரம்பைக் குறைத்து ஏராளமானவர்களை அதிலிருந்து வெளியே தள்ளியது அவர் காலத்தில்தான். ஏழையின் வழக்கு வக்கீல் இல்லாமலே தோற்கும் என்பது கோர்ட் வாசல் மிதித்த யாருக்கும் தெரியும், நிதி அமைச்சகம் நெருக்கியது என்பதெல்லாம் சமாதானம் ஆகாது. அதற்காக அவரைத் திட்டி எழுதுங்கள், நானும் கூடச் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறேன்.

நம் ஊர்த் தீர்ப்புகளிலும் மேற்கோள் காட்டப்படும், இங்கிலாந்துச் சட்டத்தைத் தலைப்பு வாரியாக விளக்கும் ஹால்ஸ்பரி சட்டத் தொகுப்புக்கு, பதவியை விட்ட பிறகு அவர் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்தார் என்பது இங்குள்ள வக்கீல்களிலேயே பலருக்குத் தெரியாது.

அடுத்த முறை மேலவையைப் பற்றி எழுதும்போது இரண்டு வகைப் பிரபுக்களையும் பிரித்துச் சொல்லுங்கள். இடம் இருந்தால் மெக்கேயைப் பற்றியும் நாலு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
வழக்கறிஞர், மதுரை