படத்தோடு அதன் குறிப்பையும் வெளியிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், பழைய படங்களுக்கான பக்கத்தில், அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியைச் சேர்ந்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று வெளிவந்திருந்தது. சிலர் ஒரு சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடைப் படுகையில் நடந்து செல்லும் படம் அது. பல ஆண்டுகள் ஸ்டூடியோ நடத்தி, படம் பிடிப்பதையும் கழுவிப் பிரதி எடுப்பதையுமே பிழைப்பாகக் கொண்டிருந்தவன் நான். அப்படியொரு படத்தைப் பக்கத்தின் பாதி அளவுக்குப் பெரிதாக, நிழல்கள் கருகிப் போகாமல் அச்சிட்டதற்கு முதலில் என் நன்றி. ஆனால் அதன் கீழே 'வறுமையில் வாடிய அமெரிக்க மலைவாசிகள்' என்ற ஒரே வரிதான் இருந்தது. எடுத்தவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆண்டும் இல்லை. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

படத்தை எடுத்தவர் மேரியன் போஸ்ட் வால்காட் அம்மையார். கென்டக்கி மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள பிரெத்திட் மாவட்டத்தில் 1940ஆம் ஆண்டு எடுத்தார். அதன் மூலக்குறிப்பு நெகட்டிவ்வோடு சேர்ந்து இன்றும் காப்பகத்தில் இருக்கிறது. பெட்டி வீட்டிலேயே செய்யப்பட்டது என்றும், மலைச்சரிவில் உள்ள குடும்ப இடுகாட்டுக்கு அதை ஓடைப் படுகை வழியே கொண்டுபோகிறார்கள் என்றும் அந்தக் குறிப்பு சொல்கிறது. இந்தச் செய்திகளை மனத்தில் வைத்துக்கொண்டு படத்தை மறுபடி பார்த்தால், கண் போகும் இடமே மாறிவிடுகிறது. அந்த மலைகளுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய பள்ளத்தாக்குகளை (அந்த ஊர்க்காரர்கள் 'ஹாலர்' என்பார்கள்) உருவாக்கியவை ஓடைகளே. சமமான தரை என்று இருப்பது பெரும்பாலும் ஓடையை ஒட்டிய கீற்றுதான் என்பதால், பல இடங்களில் ஓடைப் படுகையே சாலையாக இருந்தது. கோவேறு கழுதையும் போகும், மோட்டார் காரும் போகும். அதே பயணத்தில் அம்மையார் எடுத்த மற்றப் படங்களில் இதைக் காணலாம். ஆக, அந்த மனிதர்கள் வழி தெரியாமல் தண்ணீரில் இறங்கி நடக்கவில்லை, தங்கள் ஊர்ச் சாலையில் நடக்கிறார்கள். கடையில் வாங்காத பெட்டியில், தங்கள் சொந்த நிலத்தில், தங்களவரை அடக்கம் செய்யப் போகிறார்கள். வறுமை அங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வறுமை என்ற ஒரு சொல்லை எழுதிவிட்டால், பார்ப்பவர் அதற்கு மேல் எதையும் தேடாமல் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். அதுதான் என் வருத்தம்.

அம்மையார் அங்கே போனது அரசு வேலையாக. 1930களில் அமெரிக்காவை வாட்டிய பெரும் பொருளாதார மந்தக் காலத்தில், 1935இல் தொடங்கி, அமெரிக்க மைய அரசின் வேளாண் நலத்துறை ஒன்று ராய் ஸ்ட்ரைக்கர் என்பவரின் பொறுப்பில் புகைப்படக் கலைஞர்களை நாடு முழுவதும் அனுப்பியது. வாக்கர் எவன்ஸ், பென் ஷான், ஆர்தர் ராத்ஸ்டீன், ரஸ்ஸல் லீ எல்லாரும் அந்த அணியில் வேலை செய்தவர்கள். அவர்கள் விட்டுச்சென்ற ஏறத்தாழ 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அரசுப் பணத்தில் எடுத்தவை என்பதால் அவற்றை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி அச்சிடலாம், தாங்கள் அச்சிட்டதும் அவ்வாறே. நம்மூர் இதழ்கள் அடிக்கடி எடுத்தாளும் அமெரிக்கக் கிராமப் படங்களில் பல இந்தத் தொகுப்பிலிருந்து வருபவைதாம். தொடக்க ஆண்டுகளில் ஸ்ட்ரைக்கர் தமக்கு ஒவ்வாத 35 மில்லிமீட்டர் நெகட்டிவ்களில் துளை போடும் கருவியால் ஓட்டை போட்டுவிடுவார். அவற்றைப் பிரதி எடுத்தால் ஒருவருடைய முகத்திலோ வயல் நடுவிலோ கரிய வட்டம் ஒன்று விழும். ஒரு நெகட்டிவ்வில் நகம் பட்டாலே நெஞ்சு பதறும் தொழிலில் இருந்தவன் நான், அந்த வட்டங்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. எந்தப் படம் நம் கைக்கு வர வேண்டும் என்று இன்னொருவர் முன்பே தீர்மானித்திருக்கிறார் என்பதற்கு அவை கண்கூடான சாட்சி.

யார் கேட்டு, எதற்காக ஒரு படம் எடுக்கப்பட்டது என்று தெரிய வேண்டியது ஏன் என்பதற்கு வர்ஜீனியா மாநிலத்தின் புளூ ரிட்ஜ் மலையை எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஷெனாண்டோவா தேசியப் பூங்கா அமைப்பதற்காக ஏறத்தாழ 500 குடும்பங்கள் தங்கள் நிலத்தை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. 1935 அக்டோபரில், இருபது வயதே ஆன ராத்ஸ்டீன் அங்கே அனுப்பப்பட்டு, கார்பின் ஹாலோ, நிக்கல்சன் ஹாலோ ஆகிய பள்ளத்தாக்குகளில் மர வீடுகளையும் முதியவர்களையும் குழந்தைகளையும் படம் பிடித்தார். அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான், அந்த மக்கள் வெளியுலகம் அறியாமல் பின்தங்கிக் கிடப்பவர்கள் என்று சித்திரிக்கும் நூல் ஒன்று வெளியாகியிருந்தது. அத்தகையவர்களை மலையிலிருந்து இறக்குவது அவர்களுக்குச் செய்யும் நன்மை என்ற பேச்சுக்கு இந்தப் படங்களும் துணை நின்றன. படங்கள் மிக அழகானவை, ராத்ஸ்டீன் அந்த மனிதர்களை இழிவாகக் காட்டவும் இல்லை. ஆனாலும் அவை எந்தக் கோப்பில் போய்ச் சேர்ந்தன என்பதை மறைத்துவிட்டுப் பார்ப்பது சரியாகாது. 1990களில் தொல்லியலாளர்கள் அதே பள்ளத்தாக்குகளில் கைவிடப்பட்ட வீட்டு மனைகளை ஆய்வு செய்தபோது, பூவேலை செய்த பீங்கான் பாத்திரங்களும் மருந்துப் புட்டிகளும் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களும் கிராமபோன் இசைத்தட்டுத் துண்டுகளும் கார் உதிரிபாகங்களும் கிடைத்தன. வெளியுலகம் அறியாதவர்கள் வீட்டில் இசைத்தட்டு ஏது? கார்பின் ஹாலோ மக்கள் பின்னிய கூடைகள் பக்கத்திலிருந்த மலைவாச விடுதியின் விருந்தினர்களுக்கு விற்கப்பட்டு வந்தன என்பதும் பதிவாகியிருக்கிறது. கூடை வாங்கிய கைகள் எந்தச் சட்டகத்துக்குள்ளும் வரவில்லை.

டென்னசி மாநிலத்திலும் இதுவே நடந்தது. கிளின்ச் ஆற்றின் குறுக்கே நாரிஸ் அணை கட்டத் தொடங்கிய 1933இல், நீரில் மூழ்கவிருந்த லாய்ஸ்டன் என்ற சிற்றூரையும் சுற்றியிருந்த பண்ணைகளையும் லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக் கலைஞர் படம் எடுத்தார். ஏறத்தாழ 3,000 குடும்பங்கள் அந்த அணைக்காக இடம்பெயர்ந்தன. மளிகைக் கடையும் வேலியும் சோளக்காடும் உள்ள அமைதியான நாட்டுப்புறக் காட்சிகளாகத்தான் அந்தப் படங்கள் தோன்றும். அந்த இடம் இப்போது ஏரி என்று கீழே எழுதியிருந்தால் மட்டுமே அவற்றின் முழுப் பொருளும் விளங்கும்.

ஹைன் பெயரைச் சொல்லிவிட்டு அவருடைய இன்னொரு படத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1908இல், குழந்தைத் தொழிலாளர் முறையை எதிர்த்த தேசியக் குழு ஒன்றுக்காக மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் அவர் போனார். சுரங்கத்தின் உள்ளே காற்றோட்டத்தைக் காக்கும் மரக்கதவு ஒன்றின் அருகில் ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். கரி வண்டி வரும்போது கதவைத் திறந்து, போனதும் மூட வேண்டும். அவ்வளவுதான் அவன் வேலை. வயது 15, பத்து மணி நேரத்துக்கு 75 சென்ட் கூலி என்று ஹைன் குறித்திருக்கிறார். கும்மிருட்டில் ஒரு கணப் பளிச்சொளியில் எடுத்த படம் அது. கண்ணாடித் தகட்டைக் கழுவிய பிறகுதான், அந்தக் கதவு முழுவதும் பறவைகளும் எழுத்துகளுமாகக் கிறுக்கல்கள் இருப்பதே தமக்குத் தெரிந்தது என்றும் ஹைன் எழுதுகிறார். இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் டெவலப்பர் தட்டை ஆட்டிக்கொண்டே நின்றவர்களுக்குத் தெரியும், வெற்றுத் தாளில் முதலில் கரும்பகுதிகள் மெல்ல ஊறி வரும், பிறகு ஓரங்கள் தெளியும், நாம் எடுக்கும்போது கவனிக்காத ஏதோ ஒன்று கடைசியில் எழுந்து வரும். வெளிச்சமே இல்லாத இடத்தில் நாளெல்லாம் காத்திருந்த வேளையில் வரையப்பட்ட பறவைகள் அப்படித்தான் வெளிப்பட்டிருக்கின்றன. குறிப்பை வெட்டிவிட்டால் கதவும் பையனும் மிஞ்சுவார்கள். கூலியும் நேரமும் அந்த இருட்டும் போய்விடும்.

குறிப்பு இல்லாமல் இயற்கைக் காட்சிகளும் ஏமாற்றும். கிரேட் ஸ்மோக்கி மலைக் காடுகளில் 1910 வாக்கில் எடுத்த படம் ஒன்றில், செஸ்ட்நட் மரங்களின் அடியில் நிற்கும் மரம் வெட்டுவோர் சிறு பிள்ளைகள் போலத் தெரிகிறார்கள். அப்பலாச்சிய மக்கள் அதன் கொட்டையைத் தின்றார்கள், விற்றார்கள், பன்றிகளுக்கும் அதுவே தீனி. வேலியும் கூரை ஓடும் தொட்டிலும் சவப்பெட்டியும் அந்த மரத்தில் செய்தார்கள். ஆசியாவிலிருந்து வந்த பூஞ்சை நோய் ஒன்று 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்டு, அடுத்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் அந்த மரத்தை ஏறக்குறைய முழுவதுமாக அழித்துவிட்டது. ஆக, அந்தப் படத்தில் இருப்பது இன்று எங்கும் காண முடியாத காடு. அதே மலைகளைப் பெரிய கேமராவுடன் ஏறி ஏறிப் படம் பிடித்து, தேசியப் பூங்கா உருவாக உழைத்த ஜார்ஜ் மாசா ஜப்பானில் பிறந்தவர் என்பதையும், அங்குள்ள ஒரு சிகரத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருப்பதையும் தங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள விரும்புவார்கள்.

1964இல் அதிபர் லிண்டன் ஜான்சன் கென்டக்கியின் ஐனஸ் ஊரில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிய படம் உலகம் முழுவதும் போனது. வறுமை ஒழிப்புத் திட்டத்தின் அடையாளமாகவே அது ஆயிற்று. அதன் பிறகு அந்த மலைகளுக்குக் கேமராவோடு வந்தவர்கள் ஏராளம். 1967 செப்டம்பரில் அதே மாநிலத்தின் ஜெரமையா என்ற ஊரில், ஒரு சுரங்கத் தொழிலாளியைப் படமெடுத்துக்கொண்டிருந்த ஹியூ ஓ'கானர் என்ற கனடா நாட்டுத் திரைப்படக் கலைஞர், அந்த வீட்டுக்கு உரிமையாளராக இருந்தவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலையை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் தங்கள் ஊரை ஏழ்மையின் உருவமாக மட்டுமே காட்டுகிறார்கள் என்ற கோபம் அங்கே எவ்வளவு ஆழமாகப் புகைந்துகொண்டிருந்தது என்பதை அதன் பின் யாரும் மறுக்கவில்லை.

அந்த மக்கள் தாங்களே காசு கொடுத்து, நல்ல உடை உடுத்தி, தாங்கள் விரும்பியபடி எடுத்துக்கொண்ட படங்களும் உண்டு. கிழக்குக் கென்டக்கியிலும் அதையொட்டிய வர்ஜீனியாப் பகுதியிலும் ஊர் ஊராகச் சென்று படம் எடுத்தவர் 'பிக்சர்மேன்' மல்லின்ஸ். என் போன்ற ஸ்டூடியோக்காரர்களுக்கு அவர் உறவுக்காரர் மாதிரி. அவருடைய நெகட்டிவ்கள் வைட்ஸ்பர்க் ஊரில் 1969 முதல் இயங்கிவரும் அப்பல்ஷாப் என்ற கலை நிறுவனத்தின் கைக்கு வந்து சேர்ந்தன. 2022 ஜூலையில் கென்டக்கி ஆற்றின் வடகிளை பெருக்கெடுத்து ஊருக்குள் புகுந்தபோது அந்த நிறுவனத்தின் ஆவணக் காப்பகமும் நீரில் மூழ்கியது. நனைந்த படச்சுருளின் ஜெலட்டின் பூச்சு உப்பிப் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்படியே உலர்ந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. அதனால்தான் நனைந்த பொருள்களை அவசரமாக உறைநிலையில் வைத்து, ஒவ்வொன்றாக மீட்டெடுக்கும் வேலையில் இறங்கினார்கள். ஓர் ஊர் தன்னைப் பற்றித் தானே சேர்த்து வைத்திருந்த நினைவு சேற்றில் கிடந்தது என்று படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. ஓடைப் படுகைப் படத்துக்கு உரிய குறிப்பை வரும் ஞாயிறு இணைப்பில் திருத்தமாக வெளியிட வேண்டும். இனி இத்தகைய படம் எதை அச்சிட்டாலும் எடுத்தவர், ஊர், ஆண்டு, யாருக்காக எடுத்தது ஆகிய விவரங்களைச் சேர்க்க வேண்டும். இதற்கு அதிக இடம் தேவைப்படாது. எடுத்துக்காட்டாக, வால்காட் அம்மையாரின் மற்றொரு படத்துக்கு இப்படி எழுதலாம்: 'விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் சுரங்கத் தொழிலாளியின் குழந்தை. ஸ்காட்ஸ் ரன், மேற்கு வர்ஜீனியா, 1938. அமெரிக்க அரசின் வேளாண் நலத்துறைக்காக எடுத்தவர் மேரியன் போஸ்ட் வால்காட்.' படத்தின் அடியில் இரண்டு வரிக்குள் இது அடங்கிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற புகைப்படக் கலைஞன்,
கும்பகோணம்.