உலக்கையை இறக்கி வைத்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

கொல்லிமலையிலிருந்து எங்கள் ஊர்ப் பெண்கள் குழுவின் சார்பில் எழுதுகிறேன். குழுவின் கணக்கு நோட்டு என் கையில் இருப்பதால் மடல் எழுதும் பொறுப்பும் என்னிடமே வந்தது.

எங்கள் அம்மாக்கள் காலத்தில் கொல்லையில் சாமை, தினை, கேழ்வரகுதான். பிறகு குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வந்தது. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குப் போகிற கிழங்கு என்பதால் மொத்தமாகக் காசு கிடைக்கும். விலை விழுந்த வருஷத்திலோ உரக்கடைக் கடன்தான் மிஞ்சும். கிழங்கை விட்டால் வீட்டில் சமைக்க வேறு விளைச்சலும் இருக்காது. அப்படியிருந்தும் சாமைக்குத் திரும்ப மனம் வரவில்லை. காரணம் உலக்கை. நாலு படி சாமையை உமி போகக் குத்திப் புடைப்பதற்குள் தோள் கழன்றுவிடும். காட்டு வேலையும் அடுப்பு வேலையும் முடிந்த பிறகுதானே உரலுக்கே வருவோம்!

இந்தக் கஷ்டத்தைக் கண்டுகொண்டவர்களுக்கு முதல் நன்றி. 1990களிலிருந்து இந்த மலையில் சிறுதானியங்களுக்காக உழைக்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், "சாமை சத்தானது, விதையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. உமி நீக்கும் மிஷினை மலைக்கே கொண்டுவந்து, குழுக்களே அதை நடத்தலாம் என்று காட்டினார்கள். எங்கள் ஊரில் மிஷின் ஓடிய முதல் நாள், ஒரு பாட்டி சூடு ஆறாத அரிசியை ஒரு பிடி அள்ளி, ஊதிப் பார்த்து, வாயில் போட்டு மென்றார். "உமியே இல்லடி!" என்றவர் அன்று வீட்டுக்குப் போகவே இல்லை, கடைசி மூட்டை வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மெக்கானிக் தம்பிக்குத் தனி நன்றி. பெல்ட்டை மாட்டிக் காட்டியதோடு நிற்காமல், எங்களையே மூன்று தடவை கழற்றி மாட்ட வைத்தார். இப்போது பெல்ட் அறுந்தால் யாருக்கும் போன் போடுவதில்லை. அரவைக் கூலியில் ஒரு பங்கை ரிப்பேருக்கென்று ஒதுக்கச் சொன்ன பயிற்சியாளர் அக்காவையும் மறக்க மாட்டோம். அந்த ரிப்பேர்க் கணக்கு எழுதும் பக்கம்தான் என் நோட்டில் எனக்குப் பிடித்த பக்கம்.

"கல் கடிக்குது" என்று இரண்டு மூட்டையைத் திருப்பி அனுப்பிய நாமக்கல் கடைக்காரருக்கும் நன்றி. அன்று அழுதோம். அதற்குப் பிறகுதான் மண் களத்தை விட்டுத் தார்ப்பாயில் அடிக்கத் தொடங்கினோம். அடுத்த லோடை அவரே வாங்கிக்கொண்டார்.

காரவள்ளிச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் எங்கள் மூட்டைகள் சரியாமல் இறக்கித் தரும் வண்டிக்கார அண்ணனுக்கும், யாரும் கேட்காத காலத்திலும் கட்டவெட்டி என்கிற நாட்டுச் சாமையின் விதையைத் தொம்பைக் குதிரில் காத்து வைத்திருந்த பெரியவர்களுக்கும் என்ன சொல்வது? விதை போயிருந்தால் மிஷின் வந்து என்ன பயன்?

இந்த வருஷம் மூன்று வீட்டார் கிழங்குக் கொல்லையில் பாதியைச் சாமைக்கு விட்டிருக்கிறார்கள். அறுப்பு முடிந்ததும் உங்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு படி புதுச் சாமை அனுப்புகிறோம். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
குழுப் பெண்கள் அனைவருக்காகவும்