கைரேகை வெக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

அமெரிக்காவுல மயக்க மருந்து குடுக்கற நர்ஸ் வேலைக்கு எவ்ளோ சம்பளம்னு உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய தங்கச்சி வாட்ஸ்அப்ல அனுப்பிச்சா. நல்லாதான் இருந்துச்சு, ஆனா சம்பளத்தோட நிறுத்திட்டீங்களே சார். நான் டெக்ஸாஸ்ல 11 வருஷமா ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ், அவங்க பக்கத்துலயே நின்னு வேலை பாக்கறவ.

நம்ம ஊர்ல மயக்க டாக்டர் பண்ற வேலைய இங்க சி.ஆர்.என்.ஏ.ங்கற இந்த நர்ஸுங்களும் பண்றாங்க. மார்ஃபினை விட சுமார் 100 மடங்கு வீரியமான ஃபெண்டனில்ங்கற வலி மருந்து தினமும் அவங்க கையிலதான். 1999ல அவங்க சங்கத்து ஜர்னல்ல வந்த சர்வேல, கிட்டத்தட்ட பத்துல ஒருத்தர் இந்த மாதிரி மருந்தை தப்பா தானே எடுத்துக்கிட்டதா ஒத்துக்கிட்டாங்க. சங்கத்தோட முன்னாள் தலைவி ஜான் ஸ்டூவர்ட் அம்மாவே 2002ல ஃபெண்டனில் வகையிலயே சேர்ந்த சுஃபெண்டனில் ஓவர்டோஸ்ல போயிட்டாங்க, அவங்களுக்கு தெரியாத மருந்தா அது?

சிரிஞ்சுல மிஞ்சினத இன்னொருத்தர் கண்ணு முன்னாடி கொட்டிட்டு ரெண்டு பேரும் மருந்து எடுக்கற மெஷின்ல கைரேகை வெச்சு பதியணும்னு ரூல். நடக்கறது என்னன்னா, கேஸ் மேல கேஸ் வரும், நான் ஆபரேஷன்ல வெச்ச பஞ்சு எண்ணிட்டு இருப்பேன், எங்க மயக்க மருந்து நர்ஸ் ஒருத்தர் "கொஞ்சம் சாட்சி போட்டுடு"ம்பாரு, நானும் கைரேகைய வெச்சிட்டு ஓடுவேன், கொட்டினாரா இல்லையான்னு ஒரு நாளும் பாத்ததில்ல. அவர்தான் எங்க தியேட்டர்லயே கெட்டிக்காரர், அடுத்தவங்க ஷிப்ட்டெல்லாம் தானா கேட்டு வாங்கிக்குவாரு, என்ன தங்கமான மனுஷன்னு நாங்களே பேசிப்போம். ரெகவரி ரூம்ல அவர் பேஷண்டுங்க வலியில துடிப்பாங்க, சார்ட்ல பாத்தா மருந்து ஃபுல்லா போட்டிருக்கும். அப்பக்கூட எங்க யாருக்கும் உறைக்கல. ஒரு நாள் பாத்ரூம்ல மூச்சில்லாம கிடந்தாரு. நல்லவேளை பொழச்சிட்டாரு. அவர் பேர்ல இருந்த பதிவுல எத்தனை என் கைரேகைன்னு எண்ண எனக்கு தைரியம் இல்ல.

இதுக்கு வழி இல்லாம இல்ல. சங்கத்துக்கே ஹெல்ப்லைன் இருக்கு, ராத்திரி பகல் எப்ப வேணா பேசலாம். அடிமையானவங்க ட்ரீட்மெண்ட் முடிச்சாலும் குறைஞ்சது 1 வருஷம் மயக்க மருந்து பக்கம் வரக்கூடாது, அப்புறமும் வருஷக்கணக்கா டெஸ்ட்டுங்கறாங்க. மாட்டினவங்கள திட்டி தனியா வீட்டுக்கு மட்டும் அனுப்பிடக்கூடாது, அந்த ராத்திரியே உயிரை விட்டுடற ஆபத்து இருக்கு.

அடுத்த தடவை கட்டுரை போடறப்போ இதையும் நாலு வரி சேருங்க, என் தங்கச்சி மாதிரி கிளம்பிட்டு இருக்கற புள்ளைங்க நிறைய பேர். நான் இப்பல்லாம் நின்னு பாத்துட்டுதான் விரலை வெக்கறேன். "என் மேல நம்பிக்கை இல்லையா"ன்னு போன வாரம் ஒருத்தர் முறைச்சாரு, முறைச்சுக்கட்டும்.

பேர் போட வேணாம் சார்.
தியேட்டர் நர்ஸ், டெக்ஸாஸ்