ஹை சேர்ல என்ன பாலிஷ் போட்டிருக்குன்னு எழுதி ஒட்டுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடும்பப் பக்கத்துல வர்ற வீட்டுக்குறிப்பெல்லாம் விடாம படிக்கிறவ நான். சிங்க், டைல்ஸ், சோபா கறைன்னு எல்லாத்துக்கும் வழி சொல்றீங்க, குழந்தை உக்காந்து சாப்பிடுற மர ஹை சேரப் பத்தி மட்டும் ஒரு வரி கூட வந்து நான் பாத்ததில்ல. கைக்குழந்தை இருக்குற வீட்டுல ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை அழுக்காகுற சாமான் அது, அதே கட்டையிலதான் குழந்தை வாய வச்சு சப்புது, கடிக்குது, அப்ப அத எதால துடைக்கலாம் எதால துடைக்கக் கூடாதுன்னு பெத்தவங்களுக்குத் தெரிஞ்சே ஆகணும்.

என் கோரிக்கைய முதல்லயே சொல்லிடுறேன். ஹை சேர் செய்றவங்களும் விக்கிறவங்களும் அந்த மரத்து மேல என்ன பாலிஷ் பூசியிருக்குன்னு எழுதிக் குடுக்கணும். இப்ப பாக்ஸ்ல பாத்தா அசல் மரம்னு இருக்கும், நேச்சுரல்னு இருக்கும், ஈரத்துணியால துடைக்கவும்னு ஒரு வரி இருக்கும், அதோட முடிஞ்சுது. பீச் மரமா ரப்பர் மரமான்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டு நாம தினமும் என்ன பண்ணப் போறோம், நம்ம துணி படுறது பாலிஷ் மேலதானே.

பாலிஷுக்கு பாலிஷ் குணம் வேற. பியூ பாலிஷ், அதாவது பாலியூரித்தேன், மரத்து மேல பிளாஸ்டிக் மாதிரி கெட்டியா ஒரு படலமா நிக்கும், தண்ணி, சோப்பு, கொஞ்சம் சூடு எல்லாம் தாங்கும், ஆனா எங்கயாவது ஆழமா கீறிடுச்சுன்னா அந்தக் கீறல் வழியா தண்ணி உள்ள போய் படலத்துக்கு அடியில மரத்தக் கருக்க வச்சிடும், அப்புறம் மேல எவ்வளவு துடைச்சாலும் அது போகாது. பிரெஞ்ச் பாலிஷ்ங்கிறது அரக்க ஸ்பிரிட்ல கரைச்சுப் பூசுறது. ஸ்பிரிட்ல கரைஞ்சது ஸ்பிரிட் பட்டா திரும்பக் கரையும், ஹேண்ட் சானிடைசர்ல இருக்குறதும் ஆல்கஹால்தான், கிருமி சாகட்டும்னு நல்ல எண்ணத்துல தெளிச்சுத் துடைச்சா அந்த இடம் பிசுபிசுன்னு ஆகி துணியோட நூலெல்லாம் அதுல ஒட்டிக்கும். சூடான கிண்ணத்த வச்சா வெள்ளையா வட்டம் விழும். ஆயில் ஃபினிஷ் இன்னொரு வகை, ஆளிவிதை எண்ணெய் மாதிரி காத்துல காஞ்சு இறுகுற எண்ணெய மரத்துக்குள்ள ஊற விடுறது, மேல தடிமனா படலம்னு எதுவும் இருக்காது, தினம் சோப்புப் போட்டுத் தேய்ச்சா கொஞ்ச நாள்ல வெளுத்துப் போயிடும், ஆனா அந்த எடத்துல மட்டும் நாமளே திரும்பத் தடவிக்கலாங்கிறது அதுல பெரிய சௌகரியம். மூணையும் ஒரே மாதிரி துடைங்கன்னு சொன்னா எப்படி சரியா வரும்?

பாலிஷ் என்னன்னு தெரியாத சேர் வச்சிருக்கவங்க சீட்டுக்கு அடியில வெளிய தெரியாத எடத்துல ஒரு சொட்டு தண்ணி விட்டு கொஞ்ச நேரம் கழிச்சுப் பாருங்க. உருண்டையா அப்படியே நின்னு, துடைச்சதும் தடம் இல்லாமப் போனா படலம் நல்லா இருக்கு. அந்த எடம் கருத்துப் போச்சுன்னா மரம் தண்ணியக் குடிக்குதுன்னு அர்த்தம், அதாவது பாலிஷ் தேஞ்சு போயிருக்கு இல்லன்னா எண்ணெய் தீந்து போயிருக்கு. இத ட்ரே விளிம்பு, கைப்பிடி, கால் வைக்கிற பலகை எல்லாத்துலயும் தனித்தனியா பாக்கணுங்க, ஒரே சேர்லயே முதுகுப் பலகை புதுசு மாதிரி இருக்கும், ட்ரே விளிம்பு வெறும் மரமா நிக்கும். அரக்கு பாலிஷான்னு தெரியணும்னா அதே அடிப்பக்கத்துல பஞ்சுல துளி சானிடைசர் தொட்டு வச்சா போதும், பஞ்சு ஒட்டுச்சுன்னா அரக்குதான்.

தண்ணிய நான் இவ்வளவு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. மரம் ஈரத்தக் குடிச்சா ரேகைக்குக் குறுக்கால வீங்கும், காஞ்சா சுருங்கும், நீளவாக்குல கிட்டத்தட்ட அசையவே அசையாது. சேர்ல ஒரு கட்டை நெட்டா நிக்குது இன்னொண்ணு குறுக்க வந்து அதுல சேருது, அந்த ஜாயின்ட்ல ஒண்ணு வீங்குது இன்னொண்ணு அந்தப் பக்கம் வீங்க மாட்டேங்குது, இதே திரும்பத் திரும்ப நடந்தா பசை விட்டுடும், ஸ்குரூ லூசாகும், சேர் ஆட ஆரம்பிக்கும். அதனால பாத்ரூம்ல வச்சு தண்ணி ஊத்திக் கழுவுறது, கழுவிட்டு உச்சி வெயில்ல நிறுத்துறது ரெண்டும் சேருக்கு ஆகாது. வேகமா காஞ்சா வெடிப்பு விடும். நனைஞ்சே போச்சுன்னா துணியால ஒத்தி எடுத்துட்டு நிழல்ல காத்தோட்டமா வச்சா தானா காஞ்சிடும். ஸ்குரூவ மாசத்துக்கு ஒரு தடவை கையால ஆட்டிப் பாத்து முடுக்கி விடுங்க, குழந்தை உக்காந்து எக்குற வேகம் சாதாரணம் இல்ல.

தினசரி துடைக்கிறதுல ஒரே ஒரு பழக்கம் வந்துட்டா முக்கால்வாசி வேலை முடிஞ்ச மாதிரி, சாப்பிட்டு முடிச்ச உடனே துடைக்கிறது. மாவுச்சத்து உள்ளது எதுவா இருந்தாலும் ஈரமா இருக்குறப்ப ஒரு இழுப்புல வந்துடும், காஞ்சா மரத்தோட ஒட்டிப் பசையா இறுகிடும், அத கத்தி வச்சோ ஸ்க்ரப்பர் வச்சோ சுரண்டுனா சாப்பாட்டோட சேத்து பாலிஷும் வந்துடும். காஞ்சிடுச்சா, பிழிஞ்ச ஈரத்துணிய அது மேல போத்தி அஞ்சு நிமிஷம் விட்டுடுங்க, தானா ஊறி வழிச்சு எடுக்குற மாதிரி ஆயிடும். பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு கலந்த வெதுவெதுப்பான தண்ணி போதும், துணிய நல்லாப் பிழியணும், ரேகை வாக்குல துடைக்கணும், அடுத்து வெறும் தண்ணித் துணி, கடைசியா காஞ்ச துணி. இந்தக் கடைசி காஞ்ச துணியத்தான் நிறைய பேர் விட்டுடுறாங்க, மரச் சாமானுக்கு அதுதான் ரொம்ப முக்கியம். கேரட் கறை சோப்புக்கு முழுசா போகல்லன்னா தேய்க்காதீங்க, அந்த ஆரஞ்சு நிறம் எண்ணெய்ல கரையுற நிறம், பஞ்சுல துளி எண்ணெய் தொட்டு மெதுவா துடைச்சுட்டு அப்புறம் சோப்புத் துணி போட்டா நல்லாவே மங்கிடும்.

இப்ப யாரும் பாக்காத எடத்துக்கு வர்றேன். நார்வேக்காரர் பீட்டர் ஆப்ஸ்விக் 1972ல டிரிப் டிராப்னு ஒரு சேர் டிசைன் பண்ணாரு, சீட்டையும் கால் பலகையையும் காடியில, அதாவது கட்டையில நீளமா வெட்டுன பள்ளத்துல, சொருகி குழந்தை வளர வளர எடம் மாத்திக்கலாம், கால் அந்தரத்துல தொங்காம ஊனி உக்காரும், ரொம்ப நல்ல யோசனை, அதுக்கப்புறம் இந்த மாதிரி காடி வச்ச சேர் உலகம் பூரா வந்துடுச்சு. எந்தக் கம்பெனி சேரா இருந்தாலும் காடின்னு ஒண்ணு இருந்தா அதுக்குள்ள சாப்பாடு போகும். ஒரு நாள் ஸ்குரூவக் கழட்டி பலகைய வெளிய இழுத்துப் பாருங்க, பலகை ஓரத்துல பழுப்பா ஒரு பட்டை படிஞ்சிருக்கும், மேல காஞ்சு ஓடாட்டம், நகத்தால தட்டுனா உதிரும், அதுக்கு அடியில இன்னும் ஈரமா பிசுக்கா இருக்கும், புளிச்ச வாடை வரும். பூஞ்சை பிடிக்கிறதும் அந்த எடத்துலதான், ஏன்னா காத்து போகாது, ஈரம் வெளிய வராது, அதோட பலகையோட வெட்டு ஓரத்துல பாலிஷ் பெரும்பாலும் மெலிசா இருக்கும். பழைய டூத் பிரஷ், ஒரு மரக்குச்சி, பிழிஞ்ச துணி, இது போதும், ஆனா சுத்தம் பண்ண கையோட உடனே திரும்ப மாட்டாதீங்க, ராத்திரி பூரா கழட்டியே வச்சு காய விட்டு காலைல மாட்டுங்க.

பெல்ட்டும் இதே கதைதான். துணி பெல்ட்ட கழட்ட முடிஞ்சா கழட்டி சோப்புத் தண்ணியில ஊற வச்சு கசக்கிப் போடுங்க, முழுசா காயாம மரத்தோட சேத்துக் கட்டுனா ரெண்டுலயும் பூஞ்சை வரும். பக்கிளுக்குள்ள சாப்பாடு அடைஞ்சு காஞ்சா பூட்டுன மாதிரி இருக்கும், முழுசா பூட்டியிருக்காது, டிக்னு சத்தம் வருதான்னு கேட்டுட்டு ஒரு தடவை இழுத்தும் பாத்துக்கணும். அழுக்க விட எனக்கு இதுதான் பயம்.

கிருமி விஷயத்துக்கு வருவோம். மரம்னாலே கிருமி தங்கும், பிளாஸ்டிக்தான் சுத்தம்னு பலரும் நம்புறாங்க. அமெரிக்காவுல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல 1990கள்ல டீன் க்ளைவர்ங்கிற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் காய் நறுக்குற பலகையில இத சோதிச்சுப் பாத்தாங்க, வெறும் மரத்துல விட்ட பாக்டீரியா உள்ள இழுக்கப்பட்டு கொஞ்ச நேரத்துல மேற்பரப்புல இருந்து திரும்ப எடுக்க முடியாமப் போச்சு, புது பிளாஸ்டிக் சுலபமா சுத்தமாச்சு, கத்தி பட்டு கீறல் விழுந்த பிளாஸ்டிக்தான் சிரமம் குடுத்துச்சு. அது வெறும் மரம், ஹை சேர் பாலிஷ் போட்ட மரம், அதனால அத அப்படியே இதுக்குப் பொருத்த முடியாது, ஆனாலும் மரம்னு கேட்டதும் பயந்துபோய் பிளீச்சிங் ஊத்த வேண்டியதில்லன்னு சொல்லத்தான் இத எழுதுறேன். சோப்புத் துணி, காஞ்ச துணி, இது அன்றாடத்துக்குப் போதும். குழந்தை தட்டுல இருந்து சாப்பிடுறத விட ட்ரே மேல கொட்டி அதுல இருந்து பொறுக்கித் திங்கிறதுதான் ஜாஸ்தி, அதனால சாப்பாட்டுக்கு முன்னாடியும் ட்ரேய ஒரு தடவை துடைச்சிடுங்க. வீட்டுல யாருக்காவது வாந்தி பேதின்னு கிருமிநாசினி போட்டே ஆகணும்னா லேபிள்ல சொன்ன அளவு, சொன்ன நேரம், அப்புறம் வெறும் தண்ணித் துணியால நல்லாத் துடைச்சு எடுக்கணும், ஏன்னா அந்த எடத்துலதான் குழந்தை வாய வைக்கும். பிளீச்சிங்கோட வினிகர சேக்கவே சேக்காதீங்க, குளோரின் வாயு கிளம்பும், அமோனியா கலந்த கிளீனரோட சேந்தாலும் விஷவாயுதான்.

பல் முளைக்கிற வயசுல ட்ரே விளிம்பு, கைப்பிடியெல்லாம் பல் தடமா ஆயிடும். அங்க பாலிஷ் செதிலா உரியுதுன்னா அத அப்படியே விடக் கூடாது, உரிஞ்சது வயித்துக்குள்ளதான் போகும். நைசான உப்புத்தாள், 220 நம்பர் மாதிரி, ரேகை வாக்குல மெதுவா தேய்ச்சு தூசியத் துடைச்சுட்டு அதே வகை பாலிஷ் பூசணும், நல்லா காஞ்சு வாடை முழுசா போன பிறகுதான் குழந்தைய உக்கார வைக்கணும். பாருங்க, இங்கயும் அதே வகைன்னு சொல்றேன், எந்த வகைன்னு யாரு சொல்லுவா? சமையல் எண்ணெயத் தடவுறவங்களும் இருக்காங்க, வேண்டாங்க, அதுல பலதும் சரியா காயாது, நாளாக நாளாக பிசுக்கேறி சிக்கு வாடை வரும். ஆளிவிதை எண்ணெய் தடவுனீங்கன்னா துடைச்ச துணியக் கசக்கி குப்பைக்கூடையில போட்டுடாதீங்க, அது காயுறப்ப சூடாகி தானா தீப்பிடிக்கக் கூடியது, வெளிய விரிச்சுக் காயப் போடுங்க இல்ல தண்ணியில முக்கி வைங்க.

சொந்தக்காரங்க வீட்டுல இருந்து கை மாறி வர்ற பழைய சேர் விஷயத்துல இன்னும் கவனம் வேணும். பெயிண்ட் அடிச்ச ரொம்பப் பழைய சேர்னா ஈயம் கலந்திருக்கலாம், அமெரிக்காவுலயே வீட்டு பெயிண்ட்லயும் குழந்தை சாமான்லயும் ஈயத்த 1978லதான் தடை பண்ணாங்க, உடம்புல இவ்வளவு வரைக்கும் ஈயம் இருந்தா பரவாயில்லன்னு சொல்ற அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அந்த மாதிரி சேர உப்புத்தாள் போட்டு தேய்ச்சீங்கன்னா தூசி வீடு பூரா பரவும், அத விட அந்த சேர குழந்தைக்குக் குடுக்காம இருக்குறதே மேல்.

ஐரோப்பாவுல ஹை சேருக்குன்னே இஎன் 14988னு ஒரு தரநிலை இருக்கு, சேர் கவுறாம நிக்குதா, விரல் மாட்டுற இடுக்கு இருக்கா, பெல்ட் சரியா பிடிக்குதான்னெல்லாம் பாக்குறாங்க. பாதுகாப்புக்கு இவ்வளவு யோசிக்கிறப்ப பாலிஷ் பேரையும் ஒரு வரி சேக்குறது பெரிய வேலை இல்ல. என்ன பூசியிருக்கு, எதால துடைக்கலாம், எது படவே கூடாது, தேஞ்சா எத வாங்கித் தடவணும், இந்த நாலு போதும். ஆசிரியர் அவர்கள் மரவேலை தெரிஞ்ச ஒருத்தர வச்சு குடும்பப் பக்கத்துல இது பத்தி எழுத வச்சா எத்தனையோ தாய்மார்களுக்கு உதவியா இருக்கும். ஹை சேர் செய்றவங்க யாராவது இதப் படிச்சீங்கன்னா, அந்த ஸ்டிக்கர பாக்ஸ்ல ஒட்டாதீங்க, பாக்ஸ் முதல் நாளே வெளிய போயிடும், சீட்டுக்கு அடியில தண்ணி படாத எடமா பாத்து ஒட்டுங்க, இல்லன்னா மரத்துலயே சுட்டு முத்திரை குத்திடுங்க, சேர் கை மாறுனாலும் அந்த விவரம் அதோடயே போகும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி