கீழே நிற்கிற சனம்

முள்ளியவளை
சனிக்கிழமை, மத்தியானம்

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். மழை விட்டு இரண்டு நாளாகிறது. அக்கா முற்றத்தில் நெல்லைக் காயப்போட்டிருக்கிறாள். கோழிக்குக் காவலாக வாசல் திண்ணையில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். நடுவில் எழுத்து எங்கேயாவது இழுபட்டிருந்தால் கோழி கலைக்க எழும்பினேன் என்று எடுத்துக்கொள்.

போன ஞாயிறு போனில் நீ ஒன்று சொன்னாய். "அம்மா, உங்களுக்கு இந்தச் சூப்பர்ஹீரோப் படங்கள் விளங்காது." நான் வாய் திறக்க முதல் சிக்னல் போய்விட்டது. பிறகு எடுத்தால் ரொறன்ரோவில் உனக்கு நடுச்சாமம். அதனால்தான் கடிதம். உன் மருமகன் இதைப் போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவான். எழுத்து தெரியாவிட்டால் பெரிதாக்கிப் பார்.

எனக்கு விளங்காதா? நீ பிறக்கமுதலே சூப்பர்மேன் பார்த்தவள் நான். அப்பா வீடியோ டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்துப் படம் போட்ட காலத்தில், எம்.ஜி.ஆர். படம் இரண்டோடு ஒரு ஆங்கிலக் கசெட்டும் வந்திருந்தது. ரிச்சர்ட் டொனர் 1978இல் எடுத்த படம். வளவு நிறையச் சனம், பாய் விரித்துக்கொண்டு. ஒருவருக்கும் பாஷை தெரியாது. அப்பாதான் டிவிக்குப் பக்கத்தில் நின்று, "இவன் பேப்பர்க் கந்தோரில வேலை செய்யிறான், அந்தப் பிள்ளை மேல விருப்பம், ஆனா சொல்லப் பயம்" என்று விளக்கம் சொன்னார். அவருக்கும் பாதிதான் விளங்கியது, மிச்சம் சொந்தக் கற்பனை.

அதில் ஒரு கட்டம். அந்தப் பிள்ளையின் வீட்டில், அவள் உள்ளே போன நேரம், சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் கண்ணாடியைக் கழற்றி நிமிர்வான். தோள் அகலும், குரல் மாறும், உயரமும் கூடினது போல இருக்கும். உண்மையைச் சொல்லப்போகிறான் என்று நாங்கள் எல்லோரும் காத்திருக்க, மனம் வராமல் திரும்பக் கூனிக் கண்ணாடியைப் போடுவான். அந்த இடத்தில் அப்பா விளக்கம் சொல்லவில்லை. தேவைப்படவில்லை. பறந்ததைப் பார்த்துப் பொடியள் விசிலடித்தார்கள்தான், ஆனால் அடுத்த நாள் கிணற்றடியில் பெண்டுகள் கதைத்தது அந்தக் கூனலைப் பற்றித்தான்.

கூத்துப் பார்த்து வளர்ந்த ஊர், அதனால் இருக்கலாம். காத்தவராயன் கதை இங்கே எந்தப் பிள்ளைக்குத் தெரியாது? கடைசியில் கழுமரம் ஏறப்போகிறான் என்று தெரிந்துதானே விடிய விடிய இருக்கிறோம். இந்த முறை கூத்தைப் பழக்கி ஆட்டுவிக்கிற அண்ணாவியார் யார், எந்த இடத்தில் பாட்டை இழுத்தார், எதைச் சுருக்கினார் என்றுதான் பார்ப்பது. உன் பேட்மேனும் அப்படித்தான். தாயையும் தகப்பனையும் கண்ணுக்கு முன்னால் சுட்டுப்போட்ட பிள்ளையின் கதை. 1989இல் டிம் பேர்ட்டன் அதை எடுத்தபோது ஸ்டுடியோவுக்குள் ஒரு நகரத்தையே கட்டினார், கெட்ட கனவில் வருகிற மாதிரி ஒன்று. 2005இல் தொடங்கிய கிறிஸ்டோபர் நோலன், சிகாகோத் தெருக்களில் இறங்கி, "இது நீங்கள் குடியிருக்கிற நகரம்தான்" என்கிற மாதிரி எடுத்தார். கதை ஒன்று, அண்ணாவி இரண்டு பேர்.

நோலனை எனக்குப் பிடிக்கும், ஆனால் அவருடைய படங்களில் ஒருத்தரும் ஆறுதலாக இருந்து சாப்பிட்டதாக நினைவில்லை. எல்லோரும் வழக்காடுகிற மாதிரியே கதைக்கிறார்கள். 2008இல் வந்த இரண்டாவது படத்தில் அந்தப் பெரிய லொறியை நடுத்தெருவில் உண்மையாகவே குத்துக்கரணம் போட வைத்தார்கள் என்று நீ சொன்னாய். சரி, நல்ல வேலைதான். ஆனால் அந்தப் படத்தில் என்னை எழும்பவிடாமல் வைத்தது இரண்டு படகுகளின் கட்டம். ஒன்றில் ஊர்ச்சனம், மற்றதில் கைதிகள். ஒவ்வொரு படகிலும் மற்றப் படகை வெடிக்க வைக்கிற பொத்தான். யார் முந்துவது? கடைசியில் ஒரு பெரிய கைதி அதை வாங்கி ஜன்னலால் எறிகிறான். அந்த நேரம் பேட்மேன் அந்த இரண்டு படகிலும் இல்லை, கவனித்தாயா? வீரன் இல்லாத இடத்தில் சனம் தானாக ஒரு முடிவு எடுக்கிறது. ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜருக்கு, அவர் செத்த பிறகு, ஒஸ்கார் கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கைதியாக நடித்தவரையும் நான் மறக்கவில்லை.

இனி சாம் ரைமி. இவர் பேய்ப்படம் எடுத்து வந்தவர் என்பது 2004இல் வந்த இரண்டாவது ஸ்பைடர்மேனில் ஆஸ்பத்திரிக் கட்டத்திலேயே தெரியும். வில்லனின் முதுகில் ஒட்டின அந்த இரும்புக் கைகள் தாமாக முழித்து டாக்டர்மாரை இழுத்து எறிகிறபோது உன் மருமகன் என் சேலைக்குள் ஒளிந்தான். ஆனால் நான் சொல்ல வந்தது ரயிலைப் பற்றி. பிரேக் இல்லாமல் ஓடுகிற ரயிலை ஸ்பைடர்மேன் இரண்டு பக்கத்துக் கட்டடங்களிலும் நூலை எறிந்து, நெஞ்சு பிளக்கிற மாதிரி இழுத்து நிறுத்துகிறான். முகமூடி இல்லை. மயங்கி விழப்போகிறவனை உள்ளேயிருக்கிற சனம் பிடிக்கிறது. தலைக்கு மேலே கை மாறி, கை மாறி உள்ளே கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். ஒரு மனிதர் குனிந்து பார்த்து, இவன் சின்னப் பொடியன், என் மகனை விடப் பெரியவன் இல்லை என்கிறார்.

நான் அந்த இடத்தில் டிவியை நிறுத்திவிட்டுக் குசினிக்குப் போனேன். அப்படிக் கை மாறிக் கை மாறிப் போன உடம்புகளை நாங்கள் கண்டவர்கள். 2009இல் உனக்கும் ஏ.எல். படிக்கிற வயசு. நீயும் ஒரு பக்கம் பிடித்திருக்கிறாய். அதைப் பற்றி நீ கதைப்பதில்லை, நானும் கேட்கப்போவதில்லை. ரைமிக்கு எங்களைத் தெரியாது. ஆனாலும் காப்பாற்றினவனைச் சனம் தூக்குகிறபோது கமெராவை எங்கே வைக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. அவனுடைய முகத்துக்குக் கிட்டவும் அவர்களுடைய கைகளுக்குக் கிட்டவும்.

இப்போது உன்னுடைய ஆளுக்கு வருகிறேன். டைரக்டர் சாக் ஸ்னைடருடைய ஒவ்வொரு காட்சியும் சித்திரம் என்றாய். ஒத்துக்கொள்கிறேன். எந்த இடத்தில் நிறுத்தினாலும் கலண்டரில் போடலாம். மழைத்துளி விழுவதைக்கூட மெதுவாக்கிக் காட்டுவார். அது திறமைதான், மனிதருக்குக் கை அழகு. ஆனால் 2013இல் எடுத்த சூப்பர்மேன் படத்தின் கடைசிப் பகுதியில் நான் எழும்பிப் போனதற்கு நீ சிரித்தாயே, அதற்குக் காரணம் சொல்கிறேன். இரண்டு பேர் சண்டை பிடிக்கிறார்கள், கட்டடம் கட்டடமாகச் சரிகிறது. புழுதி எழும்புகிறதே, அதற்குள் யார் இருந்தார்கள்? படம் அதை நின்று பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், மேலே அல்ல, கீழே. எனக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டது. மேலேயிருந்து சத்தம் கேட்டால் யாருடைய வீட்டுப் பக்கம் என்றுதான் முதலில் தேடுவேன்.

நியாயமும் சொல்ல வேண்டும். 2016இல் அவரே எடுத்த அடுத்த படத்தின் தொடக்கத்தில் அதே சண்டையைத் தரையிலிருந்து காட்டுகிறார். புரூஸ் வெய்ன், அதுதான் பேட்மேன், தெருவில் நின்று பார்க்கிறான், தன் ஆட்கள் வேலை செய்கிற கட்டடம் விழுகிறது, எல்லோரும் ஓடிவருகிற புழுதிக்குள் இவன் மட்டும் எதிர்த்து ஓடுகிறான். இதை முதல் படத்திலேயே காட்டியிருக்கலாமே, மகராசா! அந்தத் தொடக்கம் மட்டும் இரண்டு தரம் பார்த்தேன். பிறகு வந்த இரண்டு மணித்தியாலத்துக்கும் மேலான இருட்டுக்கு நான் பொறுப்பில்லை.

உனக்கு நினைவிருக்கும், சின்னனில் வைகாசிப் பொங்கலுக்கு உன்னைத் தோளில் வைத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோவோம். கண்ணகி மதுரையை எரித்தாள். அவளை விடப் பெரிய சக்திக்காரி யார்? ஆனால் அக்கினி தேவன் வந்து கேட்கிறபோது, பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியவர்கள், குழந்தைகள், இவர்களை விட்டுவிடு, தீயவர்கள் பக்கமே போ என்று சொல்லித்தான் அனுப்புகிறாள். இளங்கோவின் அந்தப் பட்டியலில் எனக்கும் கேள்வி உண்டு, அது அந்தக் காலத்துப் பட்டியல். என்றாலும் அந்தக் கோபத்திலும் நெருப்புக்கு ஒரு எல்லை சொல்லியிருக்கிறாள், பார். ஊர் எரிகிறபோது ஒரு ஆச்சியையும் ஒரு குழந்தையையும் நினைத்திருக்கிறாள்.

அந்தக் கோபம் ஆறித்தான் எங்கள் பக்கம் வந்தாள் என்பார்கள். நந்திக்கடலோரம் மாடு மேய்த்த பொடியளிடம் கிழவியாக வந்து பொங்கச் சொன்னாளாம். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றதும் கடல்தண்ணீரை விடச் சொன்னாளாம். பிறகு தலையில் பேன் பார்க்கச் சொல்ல, அவர்கள் மயிரை விலக்கினால் தலை முழுக்கக் கண். இன்றைக்கும் எங்கள் காட்டு விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கு எரித்துவிட்டுத்தான் அங்கே பொங்கல். நகரத்தை எரித்தவளைப் பேன் பார்க்கக் குந்தவைத்த ஊர் இது. எனக்குப் படம் விளங்காது என்று நீ சொல்கிறாய்.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், கோழி இரண்டு வந்துவிட்டது. 2019இல் வந்த அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் அன்னதான வரிசை மாதிரி, எல்லோருக்கும் ஒவ்வொரு அகப்பை. மிஷ்கினுடைய முகமூடி படத்தில் தெருவும் இருட்டும் நன்றாக இருந்தன. ஆனால் அந்தப் பொடியன் ஏன் முகமூடி போடவேண்டும் என்று எனக்குக் கடைசிவரை ஒட்டவில்லை. பிராட் பேர்ட் 2004இல் எடுத்த இன்க்ரெடிபிள்ஸ் என்கிற கார்ட்டூன் குடும்பப் படத்தில் தாய்க்குக் கை எட்ட வேண்டிய தூரத்துக்கு நீளும். அதை எனக்கு ஒருவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் மின்னல் முரளியை நீ இன்னும் பார்க்கவில்லை என்றாயே, அது பிழை. 2021இல் பேசில் ஜோசப் எடுத்த மலையாளப் படம். ஒரு கிராமம். ஒரே இரவில் இரண்டு பேருக்கு மின்னல் அடிக்கிறது. ஒருவன் தையல்காரன், எப்படியாவது அமெரிக்கா போய்விட வேண்டும் என்று நிற்பவன். மற்றவன் தேநீர்க்கடையில் வேலை செய்கிற ஷிபு, ஊரே பைத்தியம் என்று ஒதுக்கின ஆள். சக்தி இருவருக்கும் ஒன்றுதான். ஒருவனுக்கு வீடு இருக்கிறது, கூடவே திரிய அக்காவின் மகன் இருக்கிறான். மற்றவனுக்குப் பல வருஷமாகக் காத்திருந்த ஒரு காதல் மட்டும். ஷிபுவாக நடித்த குரு சோமசுந்தரம் சென்னைக் கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் பழகியவர். அந்தப் பெண் கடைசியில் சம்மதம் சொல்கிறபோது அவர் அழுவதும் சிரிப்பதுமாக நிற்பார், வில்லன் என்பதே மறந்துபோகும். வில்லனைப் பார்த்து நான் அழுதது அந்த ஒரு படத்துக்குத்தான்.

உங்கள் குறும்படத்தைப் பற்றிக் கேட்டாய். ரொறன்ரோக் கோபுரத்துக்கு மேலே ஒரு தமிழன் பறக்கப்போகிறான் என்றாய். பறக்கட்டும். ஆனால் அவனால் எது ஏலாது என்று நீ சொல்லவில்லை. கீழே யார் நிற்கிறார்கள் என்றும் சொல்லவில்லை. செலவு குறைவாக ஒரு கதை தருகிறேன், குமுழமுனை அரியாத்தை. கொம்பன் யானையைக் கட்டிவர ஆண்களே தயங்கின இடத்தில், வேலப்பணிக்கனின் பெண்சாதி போய்க் கட்டிக்கொண்டு வந்தாள். அவ்வளவு வெற்றிக்குப் பிறகும் அந்தக் கதை எங்களுக்கு ஒப்பாரிப் பாட்டாகத்தான் வந்திருக்கிறது. ஏன் ஒப்பாரி என்று யோசி, படம் அங்கே இருக்கிறது. யானைக்குக் கிராபிக்ஸ் செய்யக் காசில்லை என்றால் சத்தம் போதும். போன கிழமை இரவு இரண்டு வந்து கிழக்கு வேலியோரம் மூன்று தென்னம்பிள்ளையைச் சாய்த்துவிட்டுப் போயின. நான் ஒன்றையும் காணவில்லை, மட்டை முறிகிற சத்தம் மட்டும்தான். யானை வெடி போடும்வரை மூச்சு விடவில்லை. கமெராவை என் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் உனக்குப் படம் கிடைத்திருக்கும்.

இங்கே ஒருவர் துவாயைக் கழுத்தில் கட்டிக்கொண்டு தண்ணித்தொட்டிக் கட்டிலிருந்து குதித்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். மருந்து போடும்போது, ஸ்பைடர்மேனுக்கும் எரியுமா அம்மம்மா என்று கேட்டான். எரியும், அதனால்தான் அவன் நல்லவன் என்று சொல்லிவைத்தேன். விளங்கினதோ தெரியாது, அழுகையை நிறுத்தினான். இப்போது மாமா வரும்போது முகமூடி கொண்டுவருவார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். சித்திரைக்கு வருவதென்றால் மறக்காமல் வாங்கி வா. வயசைப் பார்த்து எடுக்காதே. எங்கள் வீட்டுத் தலை, உன்னுடையதைப் போலப் பெரிசு. இரண்டு அளவு கூட்டி எடு.

அன்புடன்,
அம்மா