எல்லாக் குரலும் பாடமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

யூடியூபில் தொழில் பாடம் சொல்பவர்களை ஒட்டுமொத்தமாகக் குறை கூறுவது நியாயமல்ல. வீட்டிலேயே மசாலாப் பொடி தயாரித்து விற்கும் பெண் ஒருவரின் வீடியோவை அண்மையில் பார்த்தேன். பாக்கெட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணை அச்சிடுவது, மிளகாய் விலையோடு அரவைக் கூலி, கூரியர் செலவு, தன் உழைப்புக்கான கூலி வரை சேர்த்து விலை வைப்பது என எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். கடனுக்குக் கொடுத்து வசூலாகாத தொகையைக்கூட அவர் மறைக்கவில்லை. கல்லூரியில் எனக்குக் கிடைக்காத படிப்பு அது!

பங்குச் சந்தைக் குரல்கள் பலவும் வேறு ரகம். லாபத்தை மட்டும் திரையில் காட்டி, கட்டண வகுப்புக்கு ஆள் பிடிக்கிறார்கள். பாடம் நடத்துவோர் முந்தைய 3 மாதப் பங்கு விலை விவரங்களைப் பயன்படுத்தக் கூடாது என 2025 ஜனவரியில், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி தெளிவுபடுத்தியது. பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர்களின் பட்டியலும் செபி இணையதளத்தில் இருக்கிறது. ஓய்வூதியப் பணத்தோடு வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அந்தப் பட்டியலைச் சரிபார்க்கும் முறையைத் தங்கள் நாளிதழ் எளிய தமிழில், படங்களுடன் வெளியிட வேண்டுகிறேன்.

– வாசகர், மதுரை