இருவரில் பின்னால் இருப்பவருக்கான நாடு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதமும், அதனோடு நீர் சிரத்தையாகத் தயாரித்து அனுப்பிய செலவுப் பட்டியலும் கிடைத்தன. இங்கே யாவரும் நலம். என் மனைவிக்கு மழை நாட்களில் முழங்கால் வலி சற்றுக் கூடுகிறது. மற்றப்படி குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு ஓய்வு பெற்ற பின் இலண்டன் செலவைத் தாங்க முடியாது என்பதால் தாய்லாந்து, மலேசியா, போர்த்துக்கல், இலங்கை ஆகிய நான்கில் ஒன்றுக்குக் குடிபெயர எண்ணியிருப்பதாகவும், எது உசிதம் என்று என் கருத்தைக் கூறும்படியும் எழுதியிருந்தீர்.

வாடகை, மரக்கறி, மின்கட்டணம், போக்குவரத்து என்று நாடு நாடாக நீர் போட்டிருக்கும் கணக்கு சரியானதே. ஆனால் அது முழுவதும், நீங்கள் இருவரும் கைகால் சுகத்தோடு சந்தைக்குப் போய்வரும் காலத்துக்கு உரிய கணக்கு. எண்பது வயதுக்கும், இருவரில் ஒருவர் முந்திப் போய்விட மற்றவர் தனித்திருக்கும் வீட்டுக்கும் அதில் ஒரு வரிகூட இல்லை. அப்படித் தனித்திருப்பவர் பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கிறார் என்பதை எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆகையால் இந்த நான்கு நாடுகளையும் உமக்காக அல்லாமல், நான் தங்கச்சி என்று அழைக்கும் உமது மனைவிக்காக, அதுவும் நீர் இல்லாத காலத்துத் தங்கச்சிக்காக, ஒருமுறை எடைபோட்டுப் பாரும். இதைக் கடுமையான பேச்சாக எடுத்துக்கொள்ள மாட்டீர் என்று நம்பியே எழுதுகிறேன்.

முதலில் வருமானம். விலைவாசியைத் துருவித் துருவி விசாரித்த நீர், உமது ஓய்வூதியத்துக்கு அந்தந்த நாட்டில் என்ன நேரும் என்பதை விசாரித்ததாகத் தெரியவில்லை. பிரித்தானிய அரச ஓய்வூதியத்தை வேறு நாட்டில் இருந்தபடியும் பெறலாம். ஆனால் ஆண்டுதோறும் ஏப்ரலில் கிடைக்கும் உயர்வு எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், சுவிற்சர்லாந்து, ஐக்கிய அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், மொரீசியஸ் எனச் சில நாடுகளில் வசிப்போருக்கே அது உண்டு. தாய்லாந்து, மலேசியா, இந்தியா, இலங்கை ஆகியவை அந்த வரிசையில் இல்லை. கனடாவும் அவுஸ்திரேலியாவும்கூட இல்லாதபடியால் அங்குள்ள பிரித்தானிய முதியோர் நெடுங்காலமாக இதற்காக வாதாடி வருகிறார்கள். இங்கு வந்து குடியேறும் நாளில் நீர் என்ன தொகை பெறுகிறீரோ, தொண்ணூறு வயதிலும் அதே தொகைதான் வந்துகொண்டிருக்கும்.

இது சிறிய விஷயம் அல்ல. 2024 ஏப்ரலில் வாரத்துக்கு 221.20 பவுணாக இருந்த முழு ஓய்வூதியம் 2025 ஏப்ரலில் 230.25 பவுணாயிற்று. விலைவாசி உயர்வு, சராசரிச் சம்பள உயர்வு, 2.5 சதவீதம் ஆகிய மூன்றில் எது கூடியதோ அதன்படி கூட்டுவது என்பதே இப்போதைய விதி. அந்த விதி நிலைத்திருந்து, ஆகக் குறைந்த 2.5 சதவீதமே ஒவ்வோர் ஆண்டும் கிடைத்தது என்று வைத்துக்கொண்டாலும், 20 ஆண்டுகள் கழிய அந்த 230 பவுண் 377 பவுண் ஆகிவிடும். எங்களோடு இங்கே இருக்கும் ஒருவருக்கு அது 230 பவுணாகவே நிற்கும். வாடகையில் இன்று மிச்சம் பிடிக்கும் பணத்தை, மருந்துச் செலவு கூடும் வயதில் இப்படித் திருப்பிக் கொடுக்க நேரிடும்.

ரூபாவின் மதிப்பு இறங்கினால் அதே பவுணுக்குக் கூடுதல் ரூபா கிடைக்கும்தானே என்று நீர் கேட்கலாம். 2022 ஆம் ஆண்டில் அதைக் கண்ணால் கண்டோம். மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்த நாணய மாற்று, மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. வெளிநாட்டுப் பணம் பெறுவோர் சில வாரங்கள் மகிழ்ந்தார்கள். பின்னர் விலைவாசி அவர்களையும் முந்திக்கொண்டு ஓடியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டுவிடும் அளவில் இருந்தது. அடுத்த ஆண்டு டொலர் 300 ரூபாவை நோக்கி இறங்கியபோது, ஏறிய விலைகள் அதனோடு சேர்ந்து இறங்கவில்லை. எனவே நாணய மதிப்பை நம்பி முதுமைக்குத் திட்டம் போடுவது எனக்கு உடன்பாடில்லை.

தங்கச்சியின் பங்கு இதைவிட முக்கியமானது. 2016 ஏப்ரல் 6 ஆம் திகதி முதல் ஓய்வூதிய வயதை அடைபவர்களுக்கான புதிய முறையில், கணவனின் அரச ஓய்வூதியம் அவருக்குப் பின் மனைவிக்குப் பெரும்பாலும் சேராது. அவரவர் செலுத்திய தேசிய காப்புறுதிப் பங்களிப்புக்கு ஏற்பவே அவரவருக்குக் கிடைக்கும். ஆகக் குறைந்தது 10 ஆண்டுகள் இருந்தால்தான் ஏதாவது கிடைக்கும், முழுத்தொகைக்கு 35 ஆண்டுகள் வேண்டும். பிள்ளைகள் சிறுவராக இருந்த காலத்தில் அவர் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தவர் அல்லவா? சிறுபிள்ளைகளுக்கான அரச கொடுப்பனவு அவர் பெயரில் வந்திருந்தால் அந்த ஆண்டுகளும் கணக்கில் சேர வாய்ப்புண்டு. அவரது பங்களிப்புப் பதிவை இலண்டனில் இருக்கும்போதே எடுத்துப் பார்த்துவிடும். உமது வேலைத்தலத்து ஓய்வூதியத்தில் மனைவிக்கு எவ்வளவு பங்கு என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளும். இந்த இரண்டு தொகைகளும் தெரியாமல் எந்த நாட்டையும் மலிவான நாடு என்று சொல்ல முடியாது.

இனி நாடுகளுக்கு வருவோம். தாய்லாந்தை நீர் முதலாவதாக வைத்திருந்தீர். நான் அதை நீக்கிவிடுவேன். 50 வயதுக்கு மேற்பட்டோர்க்கான விசாவுக்கு வங்கியில் 8 இலட்சம் பாட் வைப்பு அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 90 நாட்களுக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்துக்கு இருப்பிடத்தை அறிவிக்க வேண்டும். உம்மால் இதெல்லாம் இயலும். உமக்குப் பின் ஒரு வயோதிபப் பெண் தன்னந்தனியாகத் தாய் மொழிப் படிவங்களோடு அலைவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மலேசியா வேறு கதை. பினாங்கிலும் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலும் கோயில், கடை, மருத்துவர் எல்லாவற்றையும் தமிழிலேயே சமாளிக்கலாம். 500க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ள நாடு அது. ஆனால் 2002 இல் எளிய நிபந்தனைகளோடு தொடங்கிய, வெளிநாட்டவர் நீண்டகாலம் தங்குவதற்கான அவர்களது இரண்டாவது இல்லத் திட்டம் இன்று எங்களைப் போன்றோரின் கைக்கு எட்டாததாகிவிட்டது. 2024 இல் அறிவித்த ஒழுங்கின்படி பொதுவான மூன்று பிரிவுகளில் ஆகக் கீழானதற்கே 150,000 அமெரிக்க டொலர் நிலையான வைப்பும், 6 இலட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாத வீடு ஒன்றும் வேண்டும். சேமிப்பு முழுவதையும் ஒரு வைப்பிலும் ஒரு சுவரிலும் முடக்கிய பின் அவசரத்துக்கு எதை எடுப்பது? இந்தியாவைப் பற்றியும் கேட்டிருந்தீர். திருச்சியிலோ சென்னையிலோ இருக்க எனக்கும் ஆசைதான். ஆயினும் ஓய்வுபெற்றோருக்கென்று அந்நாட்டில் தனி விசா இல்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

போர்த்துக்கலைப் பணத்தின் கண்ணால் பார்த்தால் அதற்கு நிகர் உமது பட்டியலில் இல்லை. ஓய்வூதிய உயர்வு தொடரும். பிரித்தானிய அரச ஓய்வூதியம் பெறுவோர் எஸ்1 படிவத்தைப் பதிந்துகொண்டால் அந்நாட்டு அரச மருத்துவ சேவையைப் பெறலாம்; அதன் செலவைப் பிரித்தானியா ஏற்கும். வதிவிட விசாவுக்குக் காட்ட வேண்டிய வருமானம் அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியது. 2025 இல் அது மாதம் 870 யூரோ, மனைவிக்கு அதில் பாதி கூடுதல். புதிதாக வருவோர்க்கு முன்பிருந்த வரிச்சலுகை மூடப்பட்டுவிட்டது என்பதை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். ஆனால் அங்கே தங்கச்சி யாரோடு கதைப்பார்? பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், காய்ச்சலில் கிடக்கும்போது கஞ்சி வேண்டுமா என்று கேட்க ஒரு மொழி வேண்டும்.

உமது பட்டியலில் இல்லாத மொரீசியஸை நான் சேர்த்துப் பார்த்தேன். ஓய்வூதிய உயர்வு கிடைக்கும் நாடுகளில் அதுவும் ஒன்று. 50 வயதைத் தாண்டிய வெளிநாட்டவர்க்கு ஓய்வுக்கால வதிவிட அனுமதி உண்டு. அலுவலகங்களில் ஆங்கிலம் செல்லும். நாணயத்தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது, தைப்பூசக் காவடிக்கு அரச விடுமுறை இருக்கிறது. ஆயினும் அங்குள்ள தமிழர்கள் வீட்டில் பேசுவது பெரும்பாலும் கிரியோல் மொழியே. செலவும் நீர் நினைக்கும் அளவுக்கு மலிவு அல்ல. பிள்ளைகளோடு ஒரு விடுமுறைக்குப் போய்ப் பார்க்கத் தகுந்த இடம் என்று சொல்வேன்.

இப்போது எங்கள் ஊர். இதை மறைக்காமல் எழுத வேண்டும். இரட்டைக் குடியுரிமை எடுத்துக்கொண்டால் விசாக் கவலை இல்லை, காணி வாங்கத் தடை இல்லை, அரச ஆஸ்பத்திரியில் பணம் கேட்க மாட்டார்கள். தேசிய வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணர்களைப் பற்றி எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் வார்டில் நெருக்கம் அதிகம், இல்லாத மருந்தை வெளியே பாமசியில் வாங்கிவர ஓர் ஆள் எப்போதும் கூட நிற்க வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியில் அந்தச் சிரமம் இல்லை. அங்கே அனுமதிக்கும்போதே முற்பணம் கேட்பார்கள், எழுபதைத் தாண்டியவருக்குப் புதிதாக மருத்துவக் காப்புறுதி எடுப்பதும் இலகுவல்ல. எங்கள் பகுதியில் ஒரு இலட்சம் ரூபாவுக்குக் கீழே இரண்டு அறைத் தொடர்மாடி வீடு கிடைப்பது அரிது.

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது உமக்கு நினைவிருக்கும். எங்கள் தொடர்மாடியின் மின்பிறப்பாக்கிக்கு டீசல் இல்லை, மின்தூக்கி நின்றுவிட்டது. ஐந்தாம் மாடியில் தனியாக இருக்கும் அக்கா ஒருவருக்கு அன்று மூச்சுத்திணறல் வந்தது. எதிர்க்கடைப் பொடியன்களும் கீழ்வீட்டுச் சிங்களத் தம்பியும் அவரை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, சாறியால் இடுப்பைச் சேர்த்துக் கட்டி, கைத்தொலைபேசி வெளிச்சத்தில் படிப்படியாக இறக்கினார்கள். ஒவ்வொரு தட்டிலும் கதிரையை வைத்துவிட்டு, “அம்மா, பயப்படாதேங்கோ” என்று தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிச் சொன்னார்கள். பெற்றோல் இருந்த ஓட்டோ ஒன்றைத் தேடிப் பிடிப்பதற்குத்தான் அதிக நேரம் சென்றது. அவர் பிழைத்துக்கொண்டார். அந்த இரவை நினைக்கும்போதெல்லாம், இந்த நாடு ஒரு முதியவரை எந்த நிலைக்குத் தள்ளும் என்பதும், இந்த ஒழுங்கை அவரை எப்படித் தாங்கும் என்பதும் எனக்குச் சேர்ந்தே தெரிகின்றன.

அந்த அக்காவின் பிள்ளைகள் வெளிநாட்டில். இப்போது மலையகத்திலிருந்து வந்த ஒரு பெண் வீட்டோடு நின்று அவரைப் பார்க்கிறார். மேசையில் மாத்திரைப் பெட்டி இருக்கும். காலை, மதியம், இரவு என்று அந்தப் பெண் தன் கையால் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார். அக்கா கண்ணாடியைத் தேடாமலே மாத்திரையைக் கேட்டு வாங்கி விழுங்குகிறார். பின்பு இருவரும் பின்னேரம் வரை ஊர்க்கதை பேசுகிறார்கள். இந்தத் துணையை இலண்டன் கட்டணத்தில் அமர்த்த உம்மால் முடியாது. போர்த்துக்கலில் என்ன கட்டணம் கொடுத்தாலும் கிடைக்காது.

எனவே என் கருத்து இதுதான்: இலங்கைக்கு வாரும், ஆனால் திரும்பிப் போகும் வழியை அடைத்துவிட்டு வராதேயும். இலண்டன் வீட்டை விற்று அந்தப் பணத்தில் இங்கே ஒரு வீடு வாங்கும் யோசனையை இப்போதைக்குக் கைவிடும். விற்கத்தான் வேண்டுமென்றால், விலை குறைந்த ஓர் ஆங்கில நகரத்தில் சிறியதொரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டுவிட்டு வாரும். பிரித்தானியாவை விட்டு நிரந்தரமாக வந்தவர் அங்கே ஆஸ்பத்திரியில் இலவச சிகிச்சை பெறும் உரிமையை இழக்கிறார். ஆனால் நிலையாக வாழவென்று திரும்பிப் போனால் அந்த உரிமை மீண்டும் கிடைக்கும், ஓய்வூதியமும் அன்றைய முழு அளவுக்கு உயரும். பிள்ளைகள் இருவரும் அங்கே இருப்பதால், பின்னொரு நாளில் தங்கச்சி தனியாகத் தீர்மானிக்க வேண்டி வந்தால், போகவும் இருக்கவும் அவருக்கு இடம் இருக்க வேண்டும். அந்த வீட்டின் வாடகை, உயராமல் நிற்கும் ஓய்வூதியத்துக்கும் ஓரளவு ஈடு கொடுக்கும்.

இங்கே வாங்காமல், குறைந்தது இரண்டு ஆண்டுகள் வாடகைக்கு இருந்து பாரும். கீழ்த்தட்டு அல்லது முதல் மாடி, ஆஸ்பத்திரிக்குக் கிட்ட, கடைக்கு நடந்து போகக்கூடிய தூரம்: இந்த மூன்றும் இருந்தால் கடற்காற்று இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முன்னோட்டமாக வருவதானால் டிசெம்பரில் வராதேயும். அப்போது வரும் எல்லோருக்கும் கொழும்பு பிடிக்கும். ஏப்ரல் வெக்கையிலும் அதன் பின் தொடங்கும் மழையிலும் வந்து, டெங்கு நுளம்புக்குப் பயந்து மாலையில் யன்னல் சாத்தி இருந்து பாரும். தங்கச்சியைத் தனியாகப் பாமசிக்கும் வங்கிக்கும் சந்தைக்கும் போய்வரச் சொல்லும். நீர் கூடப் போகாமல் வீட்டிலேயே இரும்.

எங்கள் ஒழுங்கையில் கீழ்த்தட்டு வீடொன்று வரும் மார்ச்சில் காலியாகிறது. வீட்டுக்காரர் எனக்குத் தெரிந்தவர். மூன்று மாதத்துக்கும் தருவார் என்று நினைக்கிறேன். நான் அவரிடம் பேசுவதற்கு முன் இந்தக் கடிதத்தைத் தங்கச்சியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லும். அடுத்த கடிதத்தை அவரே எனக்கு எழுதட்டும். அதோடு அவரது பங்களிப்புப் பதிவில் எத்தனை ஆண்டுகள் இருக்கின்றன என்பதையும் குறித்து அனுப்பச் சொல்லும்.

அன்புடன்,
உமது பள்ளித்தோழன்